அரை டிக்கெட் எடுத்த டியூபா

ஜூன் 3

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் சொல்ல, மருமகள் எழுதியது.

எல்லோரும் சுகம். நீ கடிதம் போடாததுதான் குறை. ஆலையை மூடி, ஆலை பேண்டின் வாத்தியங்களை எங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டதிலிருந்து என் வாய் சும்மா கிடக்கிறது. (சும்மா இல்லை அத்தை, எங்களைத் திட்டுகிறது. – மருமகள்)

இப்போது பூங்காவில் வாசிக்கும் பேண்டில் அடி சுரத்துக்கு டியூபா ஊத ஆள் வேண்டுமாம். பேண்டு மாஸ்டரே வீட்டுக்கு வந்தார். "பெரியவரே, சொந்த வாத்தியம் இருந்தா அடுத்த மாசமே வந்து உட்காருங்க. இல்லேன்னா வேற ஒருத்தர் காத்திருக்கார்" என்றார். கடைகள் உன் ஊரில்தான். புதுசோ பழசோ, நமக்குத் தாங்குகிற விலையில் பார். பளபளப்பைப் பார்க்காதே. வால்வை அழுத்தி விட்டுப் பார், துள்ளி மேலே வர வேண்டும். குழாயை இழு, முரண்டு பிடிக்காமல் வர வேண்டும்.

அண்ணன்

ஜூன் 14

அன்புள்ள அண்ணா,

மூன்று இடம் ஏறி இறங்கினேன். பெரிய கடையில் புதுசு இருக்கிறது, அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். வால்வை அழுத்தினேன், போன இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

"புதுசுன்னா அப்படித்தாம்மா, ஊத ஊத இளகும்."

"இளகலேன்னா?"

"கம்பெனிக்கு அனுப்பிடுவோம்." கம்பெனி கடலுக்கு அந்தப் பக்கம்.

அடுத்தது, ஒரு வீட்டில் விற்பனைக்கு இருந்தது. நானும் அந்த வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தும் குழாய் அசையவில்லை.

கடைசியில் பித்தளை வாத்தியம் பழுதுபார்க்கும் பட்டறை. அங்கே ஒரு பழசு. இடுப்பில் நெளிசல், மெருகு போய்விட்டது. ஆனால் மூன்று வால்வும் துள்ளின. விலையும் புதுசில் பாதி. "ஒரு மாசம் ஊதிப் பார்க்கட்டும், பிடிக்கலேன்னா கொண்டாங்க" என்கிறார் பட்டறைக்காரர். ஒன்று கேட்டார்: ஆலையில் நீ ஊதிய டியூபா என்ன சுருதி?

உன் தங்கச்சி

ஜூன் 20

அன்புத் தங்கச்சிக்கு,

டியூபாவில் என்னம்மா பல சுருதி? மூன்று வால்வு, ஒரு வாய். முப்பது வருஷம் ஊதினவனுக்குத் தெரியாதா? வாங்கிவிடு.

நீ பழசைப் பிடித்தது எனக்கு ஆச்சரியமில்லை. அப்போது உனக்கு எட்டு வயது, நீலப் பாவாடை. சந்தையில் பானைக்கார அம்மாள் திட்டத் திட்ட ஒவ்வொரு பானையாகத் தட்டிப் பார்த்து, மூலையில் கிடந்ததை எடுத்தாய். உன் கல்யாணம் வரை அது ஒழுகவில்லை.

அண்ணன்

ஜூலை 12

அன்புத் தங்கச்சிக்கு,

நீ டியூபாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, கேட்காத கண்டக்டரிடம் அதற்கு அரை டிக்கெட் எடுத்ததை ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். நீ கண்டக்டராக இருந்தவள், வேறெப்படி இருப்பாய்.

முதல் ஒத்திகையில் மானம் போனது. என் விரலுக்குத் தெரிந்தபடி ஊதினேன். எல்லோரும் ஒரு பாட்டில், நான் வேறெங்கோ. மாஸ்டர் கையை இறக்கினார். "ஆலையில நீங்க ஊதினது சின்ன டியூபா, பெரியவரே. இது பெரிசு. அதே விரலுக்கு வேற சுரம் வரும்."

மற்றவர்கள் சுரம் எழுதிய காகிதத்தைப் பார்த்து வாசிப்பார்கள். எனக்கு விரல்தான் காகிதம். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உறையில் போடுமுன் ஆசைக்கு ஒரே ஒரு சுரம் ஊதினேன், இருப்பதிலேயே அடியில் கிடப்பது. தரை வழியாகக் காலில் ஏறியது. டிரம்ஸ்காரர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர், "ஒரு பாட்டு, புது விரல்ல கத்துக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நாற்காலி காலியா இருக்கும்" என்றார்.

நேற்று அந்தப் பாட்டைப் புது விரலில் ஊதினேன். நாற்காலி எனக்குத்தான்.

பட்டறைக்காரரிடம் சொல், வாத்தியம் திரும்பி வராது. என் ஆயுளில் இப்படி ஒரு சத்தம் நான் ஊதியதில்லை, அதைத் தேடிப் பிடித்தவள் நீ. இனி யாராவது சுருதி கேட்டால் அவர் பேச்சைக் கேள், அண்ணன் பேச்சைக் கேட்காதே.

அண்ணன்

(அத்தை, மீதிப் பாட்டுகளைக் காலையிலிருந்து பழகுகிறார். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. திட்டு நின்றுவிட்டது. – மருமகள்)