சம்பந்திக்கு நிரம்பிய கிண்ணம்

அன்பு மகள் நுர்சாத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே ஆடு, மாடு, குதிரை எல்லாம் சுகம், வெயில் வந்தபிறகு உன் அம்மாவின் முழங்காலும் தேவலை, மாஸ்கோவில் உன் உடம்பும் வேலையும் எப்படி? உன் மகள் ஜிபெக்கும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

போன இலையுதிர்காலத்தில் உன் தம்பிக்குப் பெண் கொடுத்த சம்பந்தி வந்தார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, தன் குதிரைக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் மனிதர்களைக் குசலம் விசாரிப்பார். ஜிபெக் தேநீர் ஊற்றினாள். கால் கிண்ணம் ஊற்றினால் இருங்கள் என்று அர்த்தம், நிரப்பிக் கொடுத்தால் கிளம்புங்கள் என்று அர்த்தம், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? சமோவார் கொதிகலத்தின் குழாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள், கிண்ணம் நிரம்பி விரிப்பில் வழிந்தது. "சரி சம்பந்தி, புரிஞ்சிருச்சு, குதிரைக்குச் சேணம் கட்டச் சொல்லுங்க" என்று அவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அத்தனை பேர் முன்னால் அவளை அறைந்தேன். "நான் நெறைக்கல தாத்தா, அதுவா நெறஞ்சிருச்சு" என்று அழுதாள். பொய் வேறா என்று இன்னொன்றும் கொடுத்தேன்.

கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரி பார்க்கிறாள் என்று பள்ளிக்கூடத்து ஆசிரியை மூன்று தடவை சொல்லி அனுப்பினாள், உன்னைப் போலக் கனவு காண்கிறாள் என்று சிரித்துவிட்டேன். மாசி மாதப் பனியில் நம் கறுப்பு முக ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றியது, அதற்கு மூளையில் ஏதோ என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூட்டிவர ஓடினேன். உன் அம்மா வாசலில் நின்று, "ஆட்டுக்கு ஓடுற காலு, புள்ளைக்கு மட்டும் ஏன்யா ஓட மாட்டேங்குது? அவளுக்குக் கைதான் நீளுது" என்றாள். மறுநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாரின் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இப்படி நின்றுபோவது எப்போதிருந்து என்று டாக்டரம்மா கேட்டாள். இந்த மாதம்தான் என்றேன். ஜிபெக் குனிந்துகொண்டாள். அந்தம்மா ஒரு காகிதத் துண்டைப் பிள்ளையின் மூக்குக்கு எதிரே பிடித்து, விடாமல் ஊது என்றாள். ஊதிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள், கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. பத்து எண்ணுவதற்குள் திரும்பி வந்து மறுபடி ஊதினாள். ஏன் நிறுத்தினாய் என்றதற்கு, "நிறுத்தலயே, ஊதிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள். மகளே, நான் அறைந்தது அந்த முகத்தைத்தான். கீழே விழாத வலிப்பாம், அந்த நேரம் அவளுக்கு ஒன்றும் தெரியாதாம். அப்போதுதான், "இலையுதிர்காலத்துலயே பாத்தேம்மா, அதுக்குத்தான் அடிச்சேன்" என்று உண்மையைச் சொன்னேன். அந்தம்மா திட்டியிருந்தால் தேவலை, அதையும் எழுதிக்கொண்டாள்.

மருந்து ஆரம்பித்தாயிற்று, பிடிக்க நாளாகுமாம். தலையில் கம்பி ஒட்டிப் பார்க்க அடுத்த மாதம் பிஷ்கெக் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அறை வாங்கியதிலிருந்து அவள் தேநீர் ஊற்றுவதே இல்லை. நேற்று நானே கேட்டு ஊற்ற வைத்தேன். பாதியில் நின்றாள், வழிந்து என் முழங்காலில் சுட்டது, மெதுவாகக் குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தேன். திரும்பி வந்தவள் நனைந்த விரிப்பைப் பார்த்தாள், உடனே கையால் கன்னத்தை மூடிக்கொண்டாள். நிரம்பிய கிண்ணத்தை நான் முழுக்கக் குடித்தேன், குடித்துவிட்டு எழுந்திருக்காமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அந்தக் கை இறங்கியது.

உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், பனியில் காதை மூடிக்கொண்டு போ. கைக்குழந்தையாக இருக்கையில் அவளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்ததா என்று டாக்டரம்மா கேட்கிறாள், மறக்காமல் எழுது. என்னைத் திட்டவேண்டியதையும் அதிலேயே எழுது, ஜிபெக்கையே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
தோக்தோசுன்