ஓர்வில் மாமாவின் தொப்பிக் காது

அன்பு மகள் ரோவீனாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அலாஸ்காக் குளிரில் கைகால் விறைக்காமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், ஆடுகள் நன்றாக இருக்கின்றன, உன் அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் போன் அடுப்பங்கரைச் சுவரில் இருக்கிறது, அதற்கடியில் அவர் நாற்காலி, அதில் பத்து நாளாக அவர். எங்கே பேச? படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

ஆடுகள் குட்டி போட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது, அதற்குள் கயோட்டி நரிகள் ஏழு குட்டிகளைக் கொண்டுபோய்விட்டன. கொட்டகைக்குப் பின்னாலேயே வந்து நிற்கின்றன, அவ்வளவு தைரியம். இந்த நேரத்தில்தானா உன் அப்பாவும் பக்கத்து வீட்டு ஓர்வில் மாமாவும் சண்டை போட வேண்டும்? மாமா ஒரு பெட்டி வாங்கினார், பொத்தானை அமுக்கினால் அடிபட்ட முயல் மாதிரி அலறும், அதைக் கேட்டு கயோட்டி வரும். வாங்கிவிட்டுப் போகட்டுமே, உன் அப்பாவுக்கு என்ன வந்தது? வாயாலேயே ஊளையிட்டு வரவழைக்கிறவர் என்ற பெருமை இவருக்கு. சர்ச் விருந்தில் அத்தனை பேர் நடுவில், "பெட்டி கத்துது, நரி வருது, நடுவுல உனக்கு என்னடா வேலை?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்குச் சுருக்கென்றது, "கண்ணு தெரியாதவனுக்கு ஊளை எதுக்குடா?" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றோடு பேச்சு நின்றது. கண் மங்கலாகிறது என்று நான் இரண்டு வருடமாகச் சொன்னால் விளக்கு சரியில்லை என்பார், கண்ணாடியில் அழுக்கு என்பார். பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால் மட்டும் ரோஷம்.

உனக்குத்தான் தெரியுமே, வேட்டைக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் இவர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்துவிடுவார்கள், நாளைக்கு நான் வடக்கு ஓடையில் உட்காருகிறேன், நீ அந்தப் பக்கம் வராதே என்று. நாற்பது வருடமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இந்தத் தடவை வீம்பு, இரண்டு பேரும் போனைத் தொடவில்லை. விடிந்தும் விடியாமலும் இவர் வடக்கு ஓடைக்குப் போய் ஊளையிட்டிருக்கிறார். மாமாவும் ரோஷத்தில் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு, நானும் வாயாலேயே கூப்பிடுகிறேன் பார் என்று வேலி தாண்டி அதே ஓடைக்கு வந்து ஊளையிட்டிருக்கிறார். இவர் கூப்பிட அவர் பதில் சொல்ல, அவர் கூப்பிட இவர் பதில் சொல்ல, இரண்டு பேரும் அதைப் பெரிய ஆண் கயோட்டி என்று நினைத்து, அடி மேல் அடி வைத்து ஒருவரை ஒருவர் நெருங்கியிருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாமா வேண்டாமா நீயே சொல்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எட்டு மணிக்கு வந்தார், முகம் வெளுத்திருந்தது, "தப்பிடுச்சு" என்றார், காபியைத் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து நெட்டி அத்தை மாமாவின் தொப்பியைக் கொண்டுவந்தாள், முள்வேலியில் மாட்டிக் கிழிந்ததாம், தைத்துத் தரச் சொன்னாள். போன கிறிஸ்துமஸுக்குக் கயோட்டித் தோலில் நான் தைத்துக் கொடுத்தேனே, உன் அப்பாவுக்கு ஒன்று அவருக்கு ஒன்று, வேடிக்கைக்காகக் காது இரண்டையும் விறைப்பாக நிற்கவைத்து, அந்தத் தொப்பி. இடது காதில் பாதியைக் காணோம். முள் இழுத்தால் நார்நாராகக் கிழியும். இது வெட்டிவிட்ட மாதிரி இருந்தது. எத்தனை தோலில் குண்டு போன வழியைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அன்றைக்கு இவர் சுட்டுத் தப்பியது எது என்று புரிந்துவிட்டது.

அவள் போனதும் தொப்பியை உன் அப்பா முன்னால் மேஜையில் வைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். நெட்டியின் முகத்தில் எப்படி முழித்திருப்பாய் என்று ஒருமையிலேயே கேட்டுவிட்டேன். கடைசியில், "மத்ததெல்லாம் மங்கலா இருந்துச்சு ஹேசல். ரெண்டு காது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது" என்றார். நான் தைத்த காது. அதற்குமேல் நான் என்ன திட்டுவது?

மறுநாள் மாமாவைப் பார்க்கப் போனேன். மனுஷன் பெண்டாட்டி நெட்டியிடம்கூடச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டால், "விடும்மா ஹேசல், போன் பண்ணாம போனது நானுந்தானே. நானும் குறி வச்சுட்டேன், அவன் முந்திக்கிட்டான், அவ்வளவுதான்" என்கிறார்! ஏதோ சீட்டாட்டத்தில் தோற்ற மாதிரி சொல்கிறார். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிப் போட வேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வந்து இவர் தொப்பியின் காதுகளையும் வெட்டி எறிந்தேன்.

கண்புரை ஆபரேஷனுக்குப் பதினான்காம் தேதி நாள் வாங்கிவிட்டேன். வரமாட்டேன் என்கிறார், கண்ணில் கத்தி வைக்க விடமாட்டாராம். உனக்கு இது எதுவும் தெரியக்கூடாது என்று வேறு சொல்லிவைத்திருக்கிறார். இந்த உலகத்தில் அவர் கேட்கிற பேச்சு உன் பேச்சு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கூப்பிடு, திட்டாதே, போய் வாருங்கள் அப்பா என்று மட்டும் சொல். அவர் கண் இல்லாவிட்டாலும் நான் வைத்துக் காப்பாற்றுவேன், ஆனால் இன்னொருத்தர் உயிர் போய்விட்டால் அதற்குப் பிறகு உன் அப்பா உயிரோடு இருக்கமாட்டார்.

இதுவரை நேற்று ராத்திரி எழுதி வைத்தது. இன்று காலை மாமாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கி, "நீ கூப்பிடு, நான் சுடுறேன், வர்றியாடா?" என்று கத்தினார். உன் அப்பா காதில்லாத தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார், வெறுங்கையோடு. கதவுக்குப் பின்னால் அவர் துப்பாக்கி அப்படியே நின்றது. பெருக்கும்போதெல்லாம் காலில் இடிக்கிறது, எடுத்துத் தொலையுங்கள் என்று நாற்பத்தாறு வருடமாகக் கத்தியிருக்கிறேன். இன்று எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டலாம் என்று கையில் எடுத்தேன் ரோவீனா, அந்த இடம் காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. துடைத்துத் திரும்ப அங்கேயே சாய்த்து வைத்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் ஒற்றுமையாக இருக்க ஆண்டவர் துணையிருக்கட்டும். பதினான்காம் தேதி, மறக்காதே.

உன் அம்மா,
ஹேசல்