அணில் தெரியும் ஜன்னல்

அன்பு மருமகள் நூல்கண்டுக்கு, உன் தாய்மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும்.

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று முன்னாலேயே சொன்னவன் நான். உன் கடிதம் வந்த அன்று உறையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதை அத்தையிடம் சொல்லிவிட்டேன். "அவ பின்னுற கம்பளி நூலை எல்லாம் எடுத்துப் பரண்மேல போட்டிருப்பாங்க, பாரேன்" என்றேன். பிரித்துப் பார்த்தால் அதேதான். அத்தை மட்டும், "நீங்க முதல்லயே பிரிச்சுப் படிச்சிட்டு மறுபடி ஒட்டினதை நான் பாத்தேன்" என்கிறாள். அவள் பேச்சை நீ எடுத்துக்கொள்ளாதே.

நீ எழுதியது முழுக்கப் புரிந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லாததால் நின்றேன். உன் மாமனாருக்கு மூச்சிழுப்பு, கம்பளித் தூசி ஆகாது. அதனால் நூல், பஞ்சு, கொக்கி ஊசிகள், நீ மிருகங்களை வரைந்து வைத்த நோட்டு, எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போய், பெட்டி பரணுக்குப் போய், ஏணி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. யாரும் உன்னைத் திட்டவில்லை. மூன்று வேளையும் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்கிறார்கள். வெளியே போக வேண்டுமென்றால் மாப்பிள்ளை வரட்டும் என்கிறார்கள். அவர் வருவதற்குள் கடைகளை மூடிவிடுகிறார்கள். இருக்கும் ஒரே ஜன்னல் சமையலறையில். திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். போன வாரம் பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரைப் பிரித்து, ஊசி இல்லாமல் விரலாலேயே ஒரு கீரி வால் பின்னியதாகவும், யாரோ வரும் சத்தம் கேட்டதும் அவிழ்த்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் அத்தைக்கு நான் வாசித்துக் காட்டவில்லை.

அறை விஷயம் கேட்டாய். கல்யாணத்துக்கு முன்னால் என் காதால் கேட்டதைத்தான் உனக்குச் சொன்னேன். சம்பந்தம் பேசப் போன அன்று சம்பந்தி அம்மா டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என் மருமகளுக்கு அந்தக் கிழக்கு ஜன்னல் ரூம்தான், அவ வேலைக்கு வெளிச்சம் வேணும்ல" என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், அதில் ஓர் அணில். பார்த்துப் பார்த்துப் பின்னலாம். அவ்வளவு தெளிவாக நான் சொன்ன பிறகும் கேட்டால் எப்படி? சரி, இங்குள்ள செய்தியைக் கேள்.

பல் டாக்டரம்மாவின் பூனை நினைவிருக்கிறதா? காணாமல் போன அவர்கள் பூனையைப் போட்டோ பார்த்து நீ பின்னிக்கொண்டிருந்தாயே. உடம்பு, கால், வால், கிழிந்த இடது காது எல்லாம் முடித்துவிட்டுத் தலையை மட்டும் விட்டுப் போனாய். அதை நான் முடித்துவிட்டேன். நாற்பது வருஷம் பஸ் டிப்போவில் என் குரலைக் கேட்டே என்ஜின்கள் ஸ்டார்ட் ஆகும். எனக்கு ஒரு பூனைத் தலை எம்மாத்திரம்? பூனைக்கு நீ எழுதி வைத்த குறிப்புத் தாள் இங்கேயே இருந்தது. பதினாலாவது சுற்றிலிருந்து தையலைக் குறைக்கச் சொல்லியிருந்தாய். என் அனுபவத்தில் அது அவசரமாகப் பட்டது. இரண்டு சுற்று தள்ளிக் குறைத்தேன். அதனால் முகத்தில் கொஞ்சம் கன்றுக்குட்டி சாயல் விழுந்திருக்கிறது. மற்றபடி நீ செய்வது போலவே கம்பிப் பிரஷ்ஷால் சீவிவிட்டேன். நூல் பிரிந்து நிஜ மயிர் மாதிரி நின்றது. தெருவில் போன நாய் ஒன்று குரைத்தது.

ஒரே ஒரு சின்ன விஷயம். பிளாஸ்டிக் கண்களை வைத்து, உள்பக்கம் வாஷரைக் கொடுத்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும், அதுவும் பஞ்சை அடைத்துத் தலையை மூடுவதற்கு முன்னால். நான் பஞ்சை அடைத்து, மூடி, கழுத்தோடு தைத்து, மேஜையில் நிறுத்தி அழகு பார்த்தபோது, இரண்டு கண்ணும் டப்பாவில் இருந்தபடி என்னைப் பார்த்தன.

டாக்டரம்மா வந்தார்கள். நான் அசரவில்லை. "இது தூங்குற பூனைம்மா, இப்ப வெளிநாட்டுல எல்லாம் இதுதான்" என்றேன். அவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நின்னுக்கிட்டேவா சார் தூங்கும்?" என்றார்கள். நல்ல வம்சத்துப் பூனை அப்படித்தான் தூங்கும் என்றேன். சிரிக்கவில்லை. அந்தக் கிழிந்த காதை மட்டும் விரலால் பிடித்துப் பார்த்தார்கள். "காது எங்க பூனையோட காதேதான். அந்தப் பொண்ணு வந்து கண்ணு வைக்கட்டும் சார், நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. பரிசுக்கடை அம்மா உன் நரிக்காதுத் தொப்பியையும் இலை வைத்த மப்ளரையும் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். நீ வராததால் மெஷினில் பின்னிய தொப்பியை வாங்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். காது இரண்டும் நாக்கு மாதிரி தொங்குகின்றன. நரி என்று எழுதி ஒட்டினால்தான் நரி.

மறுபடி அந்த அறை விஷயத்துக்கே வருகிறேன். மாமியார் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்கிறார், மாப்பிள்ளை "நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காதே" என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அன்றிலிருந்து நீ எதைச் சொன்னாலும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களாம். "உப்பு தீந்துபோச்சுன்னு சொன்னாகூட டப்பாவைத் திறந்து பாக்கறாங்க மாமா" என்ற வரியை நான் நாலு தடவை படித்தேன். "அவங்க அப்படிச் சொன்னதை மட்டும் உங்க கையால எழுதுங்க, அதைக் காட்டினா போதும்" என்கிறாய்.

நேற்று உன் அத்தை கத்தரிக்கோலோடு வந்து பூனையின் எதிரில் உட்கார்ந்தாள். "கழுத்தைப் பிரிச்சாத்தான் கண்ணு வைக்க முடியும். நீங்க பிரிக்கறீங்களா, நான் பிரிக்கட்டுமா?" என்றாள். அவ வந்து பார்த்துக்கட்டும் என்றேன். "எப்படி வருவா? அவளைத்தான் அங்க பொய்க்காரியா உக்கார வச்சிட்டீங்களே" என்றாள். நான் குரலை உயர்த்தினேன். அவள் உயர்த்தவில்லை. "சம்பந்தம் பேசின அன்னிக்கு உங்க பக்கத்துலதானே நானும் உக்காந்திருந்தேன். உங்க காதுல விழுந்தது என் காதுல ஏன் விழல?" என்று கேட்டாள். இத்தனை நாள் அவள் இதைக் கேட்காமல் இருந்தாள். கத்தரிக்கோலை வாங்கி நானே கழுத்தைப் பிரித்து, பஞ்சை வெளியே எடுத்து, கண்களை வைத்தேன். டக், டக் என்று இரண்டு சத்தம். இப்போது அது மேஜையில் என் எதிரில் நிற்கிறது, கொஞ்சம் ஒன்றரைக் கண்ணாக.

நூல்கண்டு, சம்பந்தி அம்மா அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. உன் ஏழாவது வயதில் அம்மா போன பிறகு நீ எங்களிடம் கேட்டது அந்த ஒன்றுதான், பின்னுவதற்கு வெளிச்சமாக ஓர் இடம். கேட்க வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் பிரேக் பிடிக்காத பஸ்ஸை நான் நிறுத்திய கதையை உன் மாமனார் அவ்வளவு ஆசையாகக் கேட்டார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன், கிளம்பும் நேரம் வந்துவிட்டது. திரும்பி வந்தால் நீ பாதி பின்னிய ஆந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாய். "கேட்டீங்களா மாமா?" என்றாய். அந்த அறை, கிழக்கு ஜன்னல், மரம், அணில், எல்லாம் நான் நாலு படி ஏறுவதற்குள் கட்டியவை. அதை நம்பித்தான் நீ கல்யாணத்துக்குச் சரி என்றாய்.

இந்தக் கடிதத்தை அப்படியே உன் மாமியாரிடம் கொடு. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நீ பொய் சொல்லவில்லை என்பதற்கு இது என் கையெழுத்து. மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

படித்த பிறகு அவர்கள் வெளிச்சமாக ஓர் இடம் ஒதுக்கினால் சந்தோஷம். ஒதுக்காவிட்டால் எனக்கு ஒரு வரி எழுது. இங்கே உன் அறையில் ஜன்னல் இருக்கிறது. அதில் தெரிவது தண்ணீர்த் தொட்டியும் ஒரு கரண்ட் கம்பமும்தான். அணில் கிடையாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாடி. எழுதினால் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவேன். கையோடு ஓர் ஏணியும் கொண்டுவருவேன்.

உன் மாமா