கம்பம் இல்லாத நிழல்

1979, ஆடி, வியாழன்

கப்பலில் வேலை பார்க்கும் கொழுந்தனார் கொண்டுவந்த அமெரிக்கப் படப் புத்தகத்தை இன்று மதியம் எங்கள் ஸ்டுடியோவில் விரித்தேன். எல்லாம் கறுப்பு வெள்ளை. காலி ரோடு, பூட்டிய கடை, பெட்ரோல் பங்க். ஒன்றிலும் ஆள் இல்லை. ஒரு வீட்டுக்கு நேர் முன்னால் கரண்ட் கம்பம். அதன் நிழல் தரையில் ஓடிச் சுவரில் ஏறுகிறது. எடுத்தவன் அப்படியே விட்டிருக்கிறான். அந்தப் பக்கத்தைப் புரட்டவே எனக்குக் கை வரவில்லை.

ஸ்டுடியோவில் டச்சிங் என் வேலை. வாசுதேவநல்லூர் அண்ணாச்சி ஒருவர் கேட்டபடி, அவருடைய புது வீட்டின் முன்னால் நின்ற கம்பத்தை நெகட்டிவில் பென்சில் தீற்றிக் காலையில்தான் மறைத்திருந்தேன். பிரிண்டை மறுபடி பார்த்தேன். கம்பம் இல்லை. நிழல் மட்டும் வாசலில் நீளமாகக் கிடக்கிறது.

நெகட்டிவில் இருந்த பென்சில் தீற்றலைப் பஞ்சால் துடைத்தேன். என் வீட்டுக்காரர் பதறினார்.

“ஏட்டி, நாளைக்கு அண்ணாச்சி கேட்டா என்ன சொல்லுவ?”

“தெருவுல நிக்குத கம்பத்த நான் எங்கன கொண்டு வைக்க?”

புதுப் பிரிண்டில் கம்பம் திரும்பியதும் சுவரில் வெயில் அடித்தது. அவர் அதையும் பார்த்தார், புத்தகத்தையும் பார்த்தார்.

“இதெல்லாம் படம் பிடிக்கக் கூடாதுன்னு அவனுக்கு யாருமே சொல்லலியா?”

நமக்கு மட்டும் யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கேமராவோடு தெருவில் இறங்கிவிட்டார். விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார். கேட்டால் சிரிக்கிறார்.

ஆடித்தபசுக்குக் கொடியேறி, ஊரே கூட்டமாய் இருக்கும் சங்கரன்கோவிலில், ஆளில்லாத தெருவை எங்கே கண்டுபிடித்தாரோ!