உன் இடது கால் செருப்பு

நம் சர்ச் வாசலில் செருப்பு வைக்க இரும்பு ரேக் வாங்கிப் போட்டுவிட்டார்கள், அம்மணி. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிகிற வரைக்கும் புதுப் பெயிண்ட் வாசம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. எல்லாரும் நல்ல ஏற்பாடு என்றார்கள். எனக்குத்தான் எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. வாசற்படியில் செருப்புகள் குவிந்து கிடந்ததால்தானே நீ எனக்குத் திரும்பக் கிடைத்தாய்.

நீ என்னை விட்டுப் போன புதிதில் மண்டியில் ஒருத்தரும் என்னை நேராகக் கேட்கவில்லை. உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் நின்று பேசுவார்கள். திருப்பூரில் யாரோடு இருக்கிறாய் என்பதுகூட எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தராசுக்காரர் மட்டும் ஒரு நாள் வாயைத் திறந்தார்.

"ஏப்பா, ஊட்டு அம்மணியக் காணோமே?"

"மலை ரயில்ல ஏறிப் போயிருக்காளுங்க. அது மெதுவாத்தான வரும்."

மண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு மேட்டுப்பாளையத்தில் யார் கேட்டாலும் அதுதான் பதில். கேட்கிறவர்களுக்கு அலுத்துப்போனது, எனக்கு அலுக்கவில்லை. சாயங்காலம் ஊட்டியிலிருந்து ரயில் இறங்குகிற நேரத்துக்கு ஸ்டேஷன் பக்கம் போய் ஒரு டீ குடிப்பேன். திருப்பூருக்குப் போனவள் ஊட்டி ரயிலிலா வந்து இறங்குவாள் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

எந்நேரமும் காத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் பொய். இவள் திரும்பியே வரக்கூடாது ஆண்டவரே என்று முழங்கால் போட்ட நாளும் உண்டு. அவர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

அப்புறம் நீ வந்தாய். வீட்டுக்கு இல்லை. அந்த ஆள் கைவிட்ட பிறகு காரமடையில் உன் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, ஞாயிறு காலையில் பஸ் ஏறி சர்ச்சுக்கு வந்தாய். எல்லாரும் உள்ளே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்க, நீ வாசற்படியில், செருப்புகளோடு செருப்பாக. திருவிருந்துக்கு அப்பத்தை எடுத்து வைக்கும்போது எழுந்து போய்விடுவாய். ஊரையே கேலி பேசுகிற எனக்கு உன்னிடம் பேச ஒரு வார்த்தை வரவில்லை.

அதனால்தான் செருப்பில் கை வைத்தேன். ஒன்றை ஒளித்துவிட்டால் நீ போக முடியாதே. சித்திரை வெயிலில் அந்த சிமெண்டு வாசலில் யாரால் வெறுங்காலோடு நடக்க முடியும்? நீலப் பட்டை, இடது குதிகால் தேய்ந்தது. உன் செருப்பு எனக்குத் தெரியாதா? பாட்டு நடக்கும்போது வெளியே வந்தேன். நீ தலை குனிந்திருந்தாய். பின்னாலிருந்து எடுத்து, வேதப்புத்தகம் வைத்திருந்த மஞ்சப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன்.

அப்பத்தை எடுத்து வைத்தார்கள். நீ எழுந்தாய். இரண்டு காலிலும் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாய்.

பையோடு ஓடிவந்து கேட் பக்கத்தில் மறித்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். "உன்ற செருப்பு" என்று நீட்டத்தான் வந்தது.

நீ அதைப் பார்த்தாய். குனிந்து உன் காலையும் பார்த்தாய். "என்றது என்ற கால்லதானுங்க இருக்குது."

பழுப்பு நிறத்தில் வேறு செருப்பு. அந்த நீலச் செருப்பு எப்போதோ தேய்ந்து தூரப் போயிருக்கும். நான்தான் அதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நான் ஓடியதைப் பார்த்து எழுந்து வந்த போதகரம்மா, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாகத் தத்திக்கொண்டு வந்தார். "ஏனுங்க, என்ற செருப்ப வெச்சுக்கிட்டு இங்க என்ன பண்றீங்க?"

நீ சிரித்துவிட்டாய். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அப்படியே அது அழுகையாகிவிட்டது. "இந்த மனுசனுக்கு என்ற செருப்புக்கூடத் தெரியலீங்கம்மா."

"செருப்புத் தெரியாட்டி என்ன கண்ணு, பின்னாலயே ஓடியாரத் தெரிஞ்சுதல்ல. வா, அப்பம் இன்னும் இருக்குது."

"எனக்குங்களா?" என்றாய். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"தீந்துபோச்சுங்களான்னு கேளு. எனக்குங்களான்னு கேக்காத."

உள்ளே போனதும் மூப்பர் ஒருத்தர் தொண்டையைச் செருமினார். "அம்மா, இதுக்கெல்லாம் ஒரு மொறை இருக்குதுங்க."

"முழங்கால் போட எடம் பத்தலீங்களா? நான் வேணா நவுந்துக்கறேன்" என்றார் போதகரம்மா.

முழங்கால் போட்ட எங்கள் பக்கம் போதகர் குனிந்தார். நீ அவர் காதில் மெதுவாக ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று நான் கேட்டதே இல்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அப்பத்தை உன் கையில் வைத்தார். பக்கத்தில் நான். பதற்றத்தில் போதகரம்மாவின் செருப்பைத் திரும்பவும் பைக்குள்ளேயே போட்டிருந்தேன்.

அன்று மத்தியானம் நம் வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வரட்டுங்களா?" என்றாய்.

"ரயிலு இத்தன லேட்டா?" என்றேன்.

விவரம் சொன்னதும், "அத்தன நாளும் அதயேவா சொன்னீங்க?" என்று கேட்டாய். சொல்லிச் சொல்லி நானே நம்பிப்போட்டேன் என்றேன்.

நீ ஊரறிய விட்டுப் போனவள். நான் ஒருத்தருக்கும் தெரியாமல், ஜமக்காளத்தில் உட்கார்ந்தபடியே ஆண்டவரை விட்டுப் போனவன். இரண்டு பேரையும் ஒரே வாசலில் மடக்கிக் கூட்டிவந்தார். அவர் என்னைப்போல் செருப்பை மாற்றி எடுக்கிறவர் இல்லை. யார், எங்கே போய்த் தேய்ந்து வந்தோம் என்பதெல்லாம் தெரிந்துதான் கூப்பிட்டார்.

இனிமேல் போகமாட்டேன் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றுதான், நான் கேட்காமலே, "வந்துருவேனுங்க" என்றாய். அந்த ஒன்றைத்தான் உன்னால் காப்பாற்ற முடியவில்லை.

அன்று நம் வீட்டு வாசலில் நீ விட்டுப்போன செருப்பில் இடது கால் என் மஞ்சப்பையில் இருக்கிறது, வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில். இப்போது கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் உன்னுடையது என்று சொல்லிவிடுவேன். போன ஞாயிறு பெண்கள் ரேக்கில் ஓரிடம் காலியாக இருந்தது. வைக்கலாம் என்று வெளியே எடுத்தேன். மனசு வரவில்லை, திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒற்றைச் செருப்போடு நீ எங்கே போய்விட முடியும்? அங்கேயே உட்கார்ந்திரு, அம்மணி. இந்தத் தடவை மலை ரயிலில் ஏறியிருக்கிறவன் நான். மெதுவாத்தான் வாரேன்.