தள்ள ஆள் வேண்டாத நாற்காலி

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பினால் உதவியாளர் ஒரு கும்பிடு படம் போட்டு முடித்துவிடுகிறார். தபால் என்றால் நீயே பிரிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

உன் வீடியோ பார்த்தேன். "அழுதுகிட்டே அறைக்குள்ள முடங்கிக் கிடந்த அக்காவுக்காக இந்தச் சக்கர நாற்காலியைச் செஞ்சேன்" என்கிறாய். நான் எப்போதடா முடங்கினேன்? விபத்து நடந்த மறு வருஷமே பள்ளிக்குத் திரும்பிவிட்டேனே! நேற்று வீட்டுப்பாடம் எழுதாத ஒருத்தியை அதட்டினேன். முன்பென்றால் நடுங்குவாள். நேற்று என் கையைப் பிடித்து, "மனசுல எதையும் வெச்சுக்காதீங்க டீச்சர்" என்று ஆறுதல் சொல்கிறாள். கணக்கு டீச்சருக்கு இதைவிட அவமானம் உண்டா?

அந்த வீடியோவை எடுத்துவிடு, கண்ணா.

உன் அக்கா

பிப்ரவரி 11

அன்பு அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. நாற்காலியை மட்டும் காட்டியபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "பொருளை யாரு சார் வாங்குறா? உங்களைத்தான் வாங்குவாங்க. உங்க முகம்தான் பிராண்டு" என்றார் என் விளம்பர ஆலோசகர். அந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் பட்டறையில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. கொஞ்சம் உப்பு காரம் சேர்த்தேன், அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் முதலீட்டாளர்கள் கூடும் மாநாடு. நீ கட்டாயம் வர வேண்டும். விளக்கெல்லாம் அணைந்ததும் ஒற்றை வெளிச்சத்தில் உன்னைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வருவேன். நீ ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம்.

உன் வாலு

பிப்ரவரி 17

தம்பிக்கு,

கடைசி இரண்டு வரிகளை எழுதிய பிறகு நீ திரும்பப் படித்தாயா?

யாரும் தள்ளாமல் நானே போக வேண்டும் என்றுதானே இந்த நாற்காலியைச் செய்தாய்? முதல் நாள் பட்டறையிலிருந்து நேராகத் தெருவுக்கே ஓட்டிப் போய்விட்டேன். "நில்லுக்கா! பிரேக் இன்னும் மாட்டல!" என்று மூச்சிரைக்க ஓடிவந்தாயே, அந்தப் பையனை எனக்குத் தெரியும். மேடையில் என்னைத் தள்ளப் போகிறவர் யாரென்று தெரியவில்லை.

நான் வரவில்லை. அந்த வீடியோ இருக்கிறவரை நீயும் இங்கே வராதே. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அக்கா

மார்ச் 2

அன்பு அக்கா,

வீடியோவை எடுத்துவிட்டேன். மாநாட்டுக்கு முந்தின நாளே. ஆலோசகர், "இனி உங்க பாடு" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மேடையில் ஒருவர், "உங்க அக்கா வரலையா?" என்று கேட்டார். "இல்லைங்க, அவங்களுக்கு ஸ்கூல் இருக்கு" என்றேன். பிறகு நாற்காலியைப் பற்றி மட்டும் பேசினேன். எடை, மடக்கும் விதம், பிரேக் என்று சொல்லி முடித்தேன். கைதட்டல் மரியாதைக்குத் தட்டியதுதான். முதலீட்டாளர்கள், "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்துகொண்டார்கள். பட்டறையை எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று எனக்கே தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஓர் அம்மா வந்தார். மகளுக்காக வாங்கலாமா என்று பார்க்க வந்தவர். என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நாற்காலியின் இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "காலைலேருந்து இதுல உக்காந்திருந்தா சாயங்காலம் எங்க வலிக்கும் தம்பி?" என்றார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்று அவர் முகவரியை வாங்கிக்கொண்டேன்.

எங்கே வலிக்கும் அக்கா?

உன் தம்பி