அப்பா காய்த்து நின்ற வருஷம்

ஜிரிசான் மலை,
வனக்காவல் குடில்

அன்புள்ள தங்கை மிரானுக்கு,

என் இருமல் விட்டுவிட்டது. உன் முதுகுவலி தேவலையா? அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா?

அப்பாவின் சாம்பலை அடியில் புதைத்த ஊசியிலை மரம் போன வருஷம் காய்த்துத் தொங்கியதே, அந்தப் படத்தை அம்மா தெருவெல்லாம் காட்டினாளே! "உசுரோட இருந்தப்ப ஒரு வேலைக்கும் ஒதவல. இப்பப் பாரு, கிளை தாங்காம காய்ச்சு நிக்கிறாரு!"

அவள் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. குளிர்காலத்தில் பனி விழாமல் வேர் காய்ந்துபோனால், சாகிற மரம் கடைசியாக ஒருமுறை அப்படித்தான் காய்த்துக் கொட்டும். இந்த வசந்தத்தில் அது துளிர்க்கவில்லை. சரிவு முழுக்க அதே கதிதான்.

பாதையில் விழக்கூடிய பட்ட மரங்களை வெட்டுவதற்காக நேற்றுச் சிவப்பு நாடா கட்டினோம். அப்பாவின் மரத்தருகே வந்ததும், "அண்ணே, இத நான் கட்டுறேன், நீங்க அங்கிட்டுப் போங்க" என்றான் கூட வேலை செய்யும் தோங்மான். நானே கட்டினேன். மழையில் விரல் விறைத்து, முடிச்சுதான் நழுவிக்கொண்டே இருந்தது.

கம்பளிக் காலுறையும், மரத்தடியில் ஊற்ற அப்பா குடித்துவந்த அரிசிக் கள் ஒரு புட்டியும் அனுப்பு. சூசொக் திருநாளுக்கு அப்பாவைக் கும்பிட அம்மா மலையேற வேண்டாம், முழங்கால் தாங்காது என்று நீயே சொல்லிவிடு.

கீழே போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது. சுவரில் இருக்கும் அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடாதே. அதிலாவது அவர் காய்த்து நிற்கட்டும்.

உன்
கியுசொக்